களஞ்சியத்துக்குச் சிமென்ட் பூசாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரம்பரியக் கட்டடம் என்று பேச்சு எழுந்தால் கோபுரம், அரண்மனை, செட்டிநாட்டு வீடு என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நெல்லைக் காத்த களஞ்சியம், பத்தாயம் வைத்த அறை, மாட்டுக்கொட்டகை, களத்துமேட்டுச் சாவடி, கமலைக் கிணறு ஆகியவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இவை பாழடைந்து இடிவது ஒரு பக்கம். அக்கறையோடு பழுதுபார்க்கக் கிளம்புகிறவர்களின் கையாலேயே இவை கெட்டுப்போவது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கேடு தடுக்கக்கூடியது என்பதால்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாக இருக்கும், சுருக்கினால் பயன்படாது.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் பாபநாசத்தை ஒட்டித் திருப்பாலைத்துறை இருக்கிறது. அப்பர் பாடிய தலம். அங்குள்ள பாலைவனநாதர் கோயிலில் செங்கல்லால் கட்டிய வட்டவடிவ நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தது. உயரம் 35 அடி. கொள்ளளவு 3,000 கலம். கலத்துக்கு 12 மரக்கால். தஞ்சை வழக்கில் இரண்டு கலம் ஒரு மூட்டை என்பதால் 1,500 மூட்டை நெல். இன்றைய நிறுவையில் ஏறத்தாழ 90 டன். ஒரு லாரிக்கு 10 டன் என்றால் ஒன்பது லாரி நெல்லை ஒரே கூரையின் கீழ், இரும்பும் மின்சாரமும் இல்லாமல் வைத்திருந்த கட்டடம் அது. ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலிலும் கொட்டாரம் என்று பெயர் பெற்ற வட்டக் களஞ்சியங்கள் உண்டு. அந்தக் கோயிலின் புனரமைப்புக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்ததை எல்லோரும் அறிவோம். நெல் அளந்த இடமும் அந்தக் கோயிலின் பாரம்பரியத்தில் ஒரு பகுதி என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

களஞ்சியம் ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டால் பலரும் அழகுக்காக என்பார்கள். ஒரே அளவு நெல்லுக்குச் சதுரச் சுவரைவிட வட்டச் சுவருக்குச் செங்கல் குறைவாகப் பிடிக்கும். மூலை இல்லை; பழைய நெல்லும் தூசியும் தேங்கி வண்டு குடியேற இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நெல் சுவரைத் தள்ளும் விசையை வட்டம் சுற்றிலும் ஒரே சீராக ஏற்றுக்கொள்ளும். சதுரமாக இருந்தால் நடுச்சுவர் வெளியே பிதுங்கி மூலையில் பிளக்கும். தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக்கூட அழுத்தமும் அதே விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். நெல் அப்படியல்ல. நெல்மணி சுவரோடு உராய்வதால் குவியலின் எடையில் ஒரு பங்கைச் சுவரே தாங்கித் தரைக்கு இறக்குகிறது. ஓர் ஆழத்துக்குக் கீழே பக்கவாட்டு அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. அதனால்தான் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், கம்பி ஒன்றும் இல்லாமல், அத்தனை உயரத்துக்கு நெல்லைப் பிடித்து நிற்க முடிகிறது. செங்கல் கட்டு இழுவிசைக்கு மெலிந்தது. அந்தக் குறையைச் சுவரின் தடிமனும் மேலே கவிந்த கூரையின் எடையும் ஈடுசெய்கின்றன. கூரையை இடித்துவிட்டு லேசான தகரம் போட்டால் வெயில் மட்டும் உள்ளே வருவதில்லை. சுவரை மேலிருந்து அழுத்திக் கட்டிவைத்திருந்த பாரமும் போய்விடுகிறது.

மேலே கொட்டி, கீழே எடுப்பது இவ்வகைக் கட்டடங்களின் பொது இலக்கணம். 1786இல் பாட்னாவில் கட்டி முடித்த கோல்கர் களஞ்சியமும் இதே முறைதான்: வெளிப்புறமாகச் சுற்றி ஏறும் படிக்கட்டு, உச்சியில் துளை, அடியில் கதவுகள். ஆனால் கீழே எடுப்பதால் பழைய நெல் முதலில் வந்துவிடும் என்று நினைப்பது தவறு. திறப்பைத் திறந்ததும் அதற்கு நேர் மேலே இருக்கும் நெல் குழிவிழுந்து இறங்கும். எதிர்ச்சுவரை ஒட்டிய நெல் அசையாது. ஆண்டுக்கு ஒருமுறை முழுக்கக் காலிசெய்து, பெருக்கி, உட்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகே புது நெல் கொட்டுவார்கள் என்ற வழக்கம் இதனால்தான் வந்தது. அந்தச் சுண்ணாம்பு அழகுக்கு அடித்தது அல்ல. செங்கல் இடுக்குகளை அடைத்து, வண்டு முட்டையிட இடம் இல்லாமல் செய்தது.

வீட்டளவில் இதே அறிவைக் குதிரிலும் பத்தாயத்திலும் பார்க்கலாம். களிமண்ணோடு உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்து, வளையம் வளையமாக உறை செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பூசினால் குதிர். ஓர் உறை காய்ந்து இறுகும் முன் அடுத்ததை ஏற்றினால் கீழ் உறை பிதுங்கும். உமி குறைந்தால் காயும்போது வெடிக்கும். அடியில் கைநுழையும் அளவுக்கு ஒரு துவாரம் வைத்து, அதைத் துணியாலோ தேங்காய்ச் சிரட்டையாலோ அடைத்து மண் பூசிவிடுவார்கள். பத்தாயம் மரத்தால் ஆனது. கால்வைத்து உயர்த்திய பெரும் பெட்டி. முன்பக்கப் பலகைகள் காடியில் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். நெல் குறையக் குறைய மேல் பலகையை உருவி எடுத்துக்கொண்டே வரலாம். பலகைகளை எண் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இடைவெளி விழுந்து எலிக்கு வழியாகும். பழம்பொருள் வாங்குகிறவர்கள் பத்தாயத்தைப் பிரித்து மேசையாகவும் கட்டிலாகவும் ஆக்குவது நமக்குத் தெரியும். விற்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், பிரிக்கும் முன் பலகையின் எண்களையும் மூட்டுகளையும் படம் எடுத்து, நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து எழுதிவைத்தால் போதும். அந்தத் தச்சு முறையாவது மிஞ்சும்.

இவையெல்லாம் ஒரே கணக்கை நம்பி நின்றவை. நெல்லில் ஈரம் 14 விழுக்காட்டுக்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும். 12, 13க்குக் காயவைத்து, அந்த நிலையிலேயே காப்பதுதான் கட்டடத்தின் வேலை. பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும் என்பது அதற்கான வீட்டுச் சோதனை. மண்ணும் சுண்ணாம்பும் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைச் சிறிது உறிஞ்சி, வெயிலில் விட்டுவிடும். கனமான சுவர் பகல் சூட்டை உடனே உள்ளே விடாது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் அதிகம் மாறாததால் உள்ளே நீர் வேர்ப்பதில்லை. தகரக் கூரையின் கீழ் விடியற்காலையில் சொட்டும் நீரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் மழையில் நனையும் படங்கள் ஆண்டுதோறும் உங்கள் பத்திரிகையில் வருகின்றன. 17 விழுக்காடு ஈரத்துக்குள் நெல் கொண்டுவரச் சொல்கிறோம். ஒரு வாரம் வைத்துக் காயவிட விவசாயியிடம் இடம் இல்லை. அந்த இடம் ஊரில் முன்பு இருந்தது என்பதை இந்தக் கட்டடங்கள் சொல்கின்றன.

இனிச் சிமென்ட். ஒரு பழைய செங்கல் சுவர் அடியில் உப்புப் பூத்துப் பொரிந்தால், கொத்தனாரை அழைத்து மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசச் சொல்வது இன்று எங்கும் வழக்கம். முதல் ஆண்டு சுவர் பளிச்சென்று இருக்கும். மூன்றாம் ஆண்டு, பூசிய இடத்துக்கு மேலே, நாலடி ஐந்தடியில் பொரிய ஆரம்பிக்கும். காரணம் எளிது. பழைய சுவரின் அடியில் ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறி, சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகி வெளியேறிக்கொண்டிருந்தது. ஏறுவதும் வெளியேறுவதும் சமமாக இருந்த உயரத்தில் ஈரம் நின்றது. சிமென்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் வழிதேடி மேலே ஏறுகிறது. அதோடு கரைந்துவந்த உப்பு, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே படிகமாகிறது. படிகம் வளரும்போது செங்கல்லின் முகத்தையே பொடியாக்கித் தள்ளும். கடைசியில் சிமென்ட் பலகைபோல் கழன்று விழும்போது, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது நானூறு ஆண்டுச் செங்கல்லின் தோல். பூச்சு செங்கல்லைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். கெட்டால் பூச்சு கெடட்டும், செங்கல் நிற்கட்டும் என்பதே பழைய கணக்கு.

இன்னொரு கேடு இறுக்கத்தில். காவிரிப் படுகையின் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். கட்டடம் அதோடு மயிரிழை அளவு அசைந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்புச் சாந்து அந்த அசைவுக்கு விட்டுக்கொடுக்கும். சின்ன விரிசலில் மழைநீர் நுழைந்து, சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து படியவைத்துத் தானாகவே அடைத்தும்விடும். சிமென்ட் விட்டுக்கொடுக்காது. அது விரிசல்விடும், அந்த விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியிருக்காது.

ஏற்கெனவே சிமென்ட் பூசிய சுவருக்கு என்ன செய்வது? முதலில் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை உளியும் சுத்தியலும் கொண்டு கையால் எடுக்கலாம். மின் உடைப்பான் கூடவே கூடாது. அதன் அதிர்வு பக்கத்துச் சாந்தையும் உதிர்க்கும். சிமென்ட் செங்கல்லோடு கெட்டியாகப் பிடித்து, எடுத்தால் செங்கல் முகமும் வருகிறது என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அடிப்பகுதியில் மூன்றடி உயரத்துக்காவது முடிந்த இடங்களில் எடுத்துவிட்டால் சுவர் காயத் தொடங்கும். காய்வதற்குப் பொறுமை வேண்டும். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. மூன்றடிக் கனமுள்ள சுவர் இருபக்கமும் காய்ந்தாலும் ஒன்றரை ஆண்டு. சிமென்டை எடுத்த வாரமே புதுப்பூச்சுக் கேட்கும் உரிமையாளரும், கொடுக்க ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தக்காரரும் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். குறைந்தது ஒரு கோடையாவது சுவரைத் திறந்துபோட வேண்டும். பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் துடைத்து முறத்தில் வாரி வெளியே எறிய வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளேதான் போகும்.

சாந்துக்கு வருவோம். பழைய சாந்தில் ஒரு கைப்பிடியை எடுத்து, பொடித்து, எடைபோட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், மணல் மிஞ்சும். மிஞ்சியதைக் கழுவிக் காயவைத்து எடைபோட்டால் பழைய விகிதம் ஏறக்குறையத் தெரியும். சிவந்த தூள் மிதந்தால் செங்கல் பொடி, அதாவது சுர்க்கி, சேர்த்திருக்கிறார்கள். கிளிஞ்சல் துணுக்குகள் கலந்த மணலாக இருந்தால் அவையும் கரைந்து கணக்கைக் கெடுக்கும். உருப்பெருக்கியில் முதலில் பார்த்துவிடுவது நல்லது. கட்டுவேலைக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சுர்க்கி ஒரு பங்கு என்ற கலவை ஈரமான அடிச்சுவருக்கு ஏற்றது. மேலே, மழை அதிகம் படாத உட்பூச்சுக்கு ஒன்றுக்கு மூன்று மணல் போதும். மணல் கூர்முனை உள்ள ஆற்று மணலாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் தேய்த்தால் மண் ஒட்டக் கூடாது. கடல் மணல் வேண்டவே வேண்டாம்.

கடையில் மூட்டையில் விற்கும் சுண்ணாம்புப் பொடியை நம்ப முடியாது. மாதக்கணக்கில் காற்றுப்பட்டுப் பாதி மீண்டும் கல்லாகியிருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து அமிலத்தில் போடுங்கள். பொங்கி நுரைத்தால் அது சுண்ணாம்பாக இல்லை, சுண்ணாம்புக்கல் தூளாகிவிட்டது. சுட்ட கல்லாகவோ கிளிஞ்சலாகவோ வாங்கித் தாங்களே தண்ணீரில் போட்டு நீற்றுவதே சரி. கிளிஞ்சல் சுண்ணாம்பு தூய்மையானது, வெள்ளை. மேல்பூச்சுக்கும் வெள்ளையடிக்கவும் உகந்தது. சுக்கான் கல்லில் களிமண் கலந்திருப்பதால் அதன் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். கட்டுவேலைக்கு அதுவே நல்லது. நீற்றும்போது தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சிறிது சிறிதாகக் கல். தண்ணீர் கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். கண்ணாடி அணியாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடிவைக்க வேண்டும். 15 நாள் குறைந்தபட்சம். மாதங்கள் ஆனால் இன்னும் நயம். சரியாக நீறாத சிறு கட்டி ஒன்று பூச்சுக்குள் போய்விட்டால், பிறகு ஈரம் பட்டு உப்பி, பூச்சில் குழிகுழியாகத் தெறிக்கும்.

கடுக்காயும் வெல்லமும் பற்றி ஒரு சொல். இவற்றைப் போட்டால் எதுவும் நடக்கும் என்ற நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. ஊறவைத்த கடுக்காய் நீரும் வெல்லமும் சாந்தைக் குழைவாக்கும், தண்ணீர்த் தேவையைக் குறைக்கும், நீர் உறிஞ்சுவதைச் சற்றுக் கட்டுப்படுத்தும். ஆனால் அளவு மிஞ்சினால் சாந்து இறுக நாளாகும், எறும்பு மொய்க்கும், பூஞ்சை கறுக்கும். சுண்ணாம்பின் எடையில் ஐந்து விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். நன்றாக அரைக்காத சாந்தைக் கடுக்காய் காப்பாற்றாது. அந்தக் காலத்தில் சாந்து அரைக்க மாட்டைப் பூட்டிய செக்கே தனியாக இருந்தது. இன்று உருளை உள்ள அரைவை இயந்திரத்தில் 20 நிமிடமாவது ஓட்டினால் அந்தக் குழைவில் பாதி கிடைக்கும். கான்கிரீட் கலக்கும் இயந்திரத்தில் அது வராது.

பூசும் முறையில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. இணைப்பில் உதிர்ந்த சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசியை ஊதி, முந்தைய நாள் மாலையே சுவரை நனைக்க வேண்டும். காலையில் மீண்டும் ஒருமுறை தெளித்து, மேற்பரப்பில் நீர் மினுங்காத நிலையில் சாந்தை அழுத்தித் திணிக்க வேண்டும். பூச்சு ஒரு கோட்டுக்கு, அதாவது ஒருமுறை பூசும் அடுக்குக்கு, 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முதல் கோட்டை இறுகவிட்டு, கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறி, ஒரு வாரம் பொறுத்து அடுத்ததைப் பூசலாம். பூச்சைச் சமன்செய்யும் மரப்பலகையான மணியாசுக் கட்டையால் தேய்த்து விடுங்கள். இரும்புக் கரண்டியால் மினுக்கினால் சுண்ணாம்புப் பால் மேலே வந்து படலமாகி, உள்ளே காற்றுப் போகாது. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் சுண்ணாம்பு கல்லாகிறது. அந்த வேலை நடக்க ஈரமும் வேண்டும். ஆகவே நனைத்த கோணியைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் மெதுவாகக் காயவிட வேண்டும். சித்திரை வெயிலில் மூடாமல் விட்ட பூச்சு மறுநாளே மாவாகும். ஐப்பசி மழையில் பூசினால் கழுவிக்கொண்டு போகும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம்.

மேலே வண்ணம் வேண்டுமென்றால் சுண்ணாம்பு வெள்ளையே. பால்போல் நீர்க்கக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஐந்து கோட்டு மெல்லியதாக. கெட்டியாக ஒரே கோட்டில் அடித்தால் பொரிந்து உதிரும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சிமென்ட் பூசியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சுவரில் முளைக்கும் அரசும் ஆலும் தனித் தலைவலி. யாரும் பிடித்து இழுக்காதீர்கள். வேர் சாந்துக்குள் வலைபோல் ஓடியிருக்கும். இழுத்தால் நாலு வரி செங்கல் கூட வரும். தண்டைச் சுவரோடு ஒட்ட அறுத்து, வெட்டுவாயில் துளையிட்டு, உடனே வேர்க்கொல்லி மருந்தைப் பயிற்சி பெற்றவர் கையால் இடவேண்டும். வேர் முழுக்கச் செத்து உலர்ந்தபின் வெளியே எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்து, துளைக்குள் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, சுண்ணாம்பும் சுர்க்கியும் கரைத்த கூழைக் கீழிருந்து மேலாக ஊற்றி நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டு நடுவில் வெற்றிடம் நிற்கும்.

விரிசலைக் கண்டதும் அடைக்கவும் கூடாது. அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லைச் சாந்தால் ஒட்டி, தேதி எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழித்துச் சில்லு உடையாமல் இருந்தால் அது பழைய காயம், அடைக்கலாம். உடைந்தால் கட்டடம் இன்னும் அசைகிறது. மேலே போகப்போக அகலும் செங்குத்து விரிசல் பெரும்பாலும் அடித்தளம் ஒரு பக்கம் இறங்கியதைச் சொல்லும். அப்போது பார்க்க வேண்டியது சுவரை அல்ல, சுவரோரத் தண்ணீரை. சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப்போட்டு, பல ஊர்களில் களஞ்சியத்தின் அடிமேடை தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. மழைநீர் சுவருக்குள் வடிகிறது. அதைத் தடுக்கச் சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் போடுகிறார்கள். அதனால் மண்ணிலிருந்து ஆவியாக வேண்டிய ஈரமும் சுவர் வழியாகவே ஏறுகிறது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஓர் ஆழமற்ற வாய்க்கால், அதற்கும் சுவருக்கும் நடுவே சரிவான மண் அல்லது ஜல்லி. இவ்வளவுதான் தேவை. செலவு மிகக் குறைவு. பலன் மற்ற எல்லா வேலையையும்விடப் பெரிது.

மாட்டுக்கொட்டகையையும் கூரையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருங்கல் பாதத்தின் மேல் நிறுத்திய மரத்தூண், கரையானுக்கும் சாணி ஈரத்துக்கும் எட்டாது. தூணின் அடி இற்றுவிட்டது என்று கான்கிரீட்டில் புதைத்துவிடுகிறார்கள்; அதற்குள் ஈரம் தேங்கி மீதித் தூணும் போகும். இற்ற துண்டை மட்டும் அறுத்துவிட்டு, அதே மரத்தில் ஒட்டுப்போட்டுக் கல்லின் மேல் மீண்டும் நிறுத்துவதே முறை. கூரைச் சட்டத்துக்கு நன்கு முற்றிய பனை வேண்டும். கறுத்த வைரப் பகுதிதான் உழைக்கும், உள்ளே உள்ள சோற்றியை முழுக்கச் செதுக்கித் தள்ள வேண்டும். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசினால் பூச்சி அண்டாது. ஆனால் நெல் படும் பலகையில் அதைப் பூசக் கூடாது, தோலைப் புண்ணாக்கும். நாட்டு ஓடு மல்லாத்தியும் கவிழ்த்தும் இரண்டு அடுக்காக அடுக்குவது, உடைவது இயல்பு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மழைக்கு முன் ஓடு மாற்றுவது பராமரிப்பின் ஒரு பகுதி. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழி வந்த சீமை ஓடு வேய்ந்த கொட்டகைகளும் இன்று பாரம்பரியமே. ஓட்டின் அடியில் அச்சிட்ட பெயரைப் பார்க்காமல் உடைத்துக் குப்பையில் கொட்ட வேண்டாம்.

சட்டப் பக்கம் ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. ஒவ்வொரு கட்டடமாக ஆய்ந்து பட்டியலிடும் முறை கோயிலுக்குப் பொருந்தும். நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறிக்கிடக்கும் களஞ்சியத்துக்கும் கொட்டகைக்கும் அது ஒருநாளும் வந்து சேராது. ஸ்பெயினின் வடமேற்கில் அஸ்தூரியாஸ், கலீசியா பகுதிகளில் ஓரேயோ என்னும் தானியக் களஞ்சியங்கள் உண்டு. எலி ஏறாதபடி தூண்களின் தலையில் அகன்ற கல்தட்டு வைத்து, அதன் மேல் நிறுத்தியவை. அந்நாட்டு அரசு 1973இல் ஒரே ஆணையில், அவ்விரு பகுதிகளில் நூறாண்டு கடந்த ஓரேயோக்கள் எல்லாவற்றையும் மொத்தமாகப் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவந்தது. தனித்தனியாகப் பட்டியலிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. இங்கேயும் நூறாண்டு கடந்த நெற்களஞ்சியங்களை, கோயிலுடையதாயினும் தனியாருடையதாயினும், அனுமதியில்லாமல் இடிக்கவோ சிமென்ட் பூசவோ கூடாது என்று ஓர் ஆணை பிறப்பிக்கலாம். தனியாருக்குச் சுமை வராமல், சுண்ணாம்பு வேலைக்கும் வழக்கமான பூச்சுக்கும் உள்ள செலவு வித்தியாசத்தை மானியமாகத் தரலாம். கோயில் திருப்பணி மதிப்பீடுகளில் களஞ்சியத்துக்கு என்று தனி வரி இருக்க வேண்டும். அதில் சுண்ணாம்பின் வகை, நீற்றும் நாள், கோட்டின் கனம், காயவிடும் நாள் நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாததை ஒப்பந்தக்காரர் செய்யமாட்டார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஆணை வரும்வரை ஊரார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நூலேணி, 30 மீட்டர் நாடா, தூக்குக்குண்டு, கட்டம்போட்ட தாள், கைபேசி. இவை இருந்தால் ஒரு களஞ்சியத்தை இரண்டு பேர் ஒரு நாளில் அளந்துவிடலாம். வெளிச்சுற்றளவை அடியிலும் நடுவிலும் மேலேயும் தனித்தனியாக எடுங்கள். சுவரின் கனத்தைத் திறப்புகளில் அளந்துகொள்ளுங்கள். பத்துச் செங்கல் வரியின் உயரத்தை இணைப்போடு சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு திறப்பும் தரையிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்று குறியுங்கள். விரிசல்களை வரைந்து, அளவுகோலோடு படம் எடுங்கள். ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றைப் பக்கத்துப் பள்ளி நூலகத்திலும் வையுங்கள். உங்கள் பத்திரிகை வாரம் ஒரு களஞ்சியத்தின் அளவுப்படத்தை வெளியிட முன்வந்தால், வாசகர்களிடமிருந்து படங்கள் வந்து சேரும் என்று உறுதியாக நம்புகிறோம். ஐப்பசி மழைக்கு முன் சுவரோர வாய்க்காலை வெட்டி, ஓட்டை மாற்றி, கண்ணாடிச் சில்லை ஒட்டிவிடுங்கள். பூச்சு வேலையைத் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்